ரேடியல் எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய விமானப் படம் ஒன்றை யாரிடமாவது காட்டினால் போதும், "மூக்கில் சூரியகாந்திப் பூ மாதிரி விரிந்து நிற்கிறதே, அது என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். அதுதான் ரேடியல் எஞ்சின். ஏறக்குறைய 1900 முதல் 1930 வரை அது பட்ட பாடுதான் இங்கே விஷயம். வழியில் நிறைய பேர் வந்து போவார்கள். ஆனால் எல்லோரும் மல்லுக்கட்டியது ஒரே எதிரியோடு: சூடு.

ரேடியல் எஞ்சின் என்றால் என்ன?

கார் எஞ்சினில் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். ரேடியலில் நடுவே கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), அதைச் சுற்றி சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் போல எல்லாப் பக்கமும் சிலிண்டர்கள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று போகும். கிராங்க்ஷாஃப்டின் முன்முனையில் புரொப்பல்லர்.

இதில் இரண்டு லாபம். எல்லா சிலிண்டர்களும் ஒரே தளத்தில் இருப்பதால் கிராங்க்ஷாஃப்டும் அதைச் சுற்றிய கூடும் குட்டையாகிவிடும், எடை குறையும். அடுத்தது, எதிர்க்காற்று ஒவ்வொரு சிலிண்டர் மேலும் நேராகப் படும். வரிசை எஞ்சினைக் காற்றால் குளிர்விக்கப் பார்த்தால் முன்னால் நிற்பவனுக்குத்தான் காற்று, பின்னால் நிற்பவன் வெந்துபோவான். புல்லட் பைக்கின் சிலிண்டரைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தகடுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த ஃபின்கள்தான் இங்கேயும். தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம், ஒழுகும் குழாயும் வேண்டாம்.

ஒன்பது கனெக்டிங் ராடும் ஒரே கிராங்கில் எப்படி மாட்டும்?

ஒவ்வொரு பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கம்பிதான் கனெக்டிங் ராடு. எனக்கும் இது நெடுநாள் புதிராக இருந்தது. ஒரு கல்லூரிப் பட்டறையில் பாதி வெட்டித் திறந்து வைத்த ஒன்பது சிலிண்டர் எஞ்சினைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கிராங்க் முள்ளைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ராடு. அதன் பெயர் மாஸ்டர் ராடு. அதன் அடிப்பாகம் தட்டு மாதிரி அகன்றிருக்கும். தட்டின் விளிம்பில் எட்டு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முள் போட்டு மற்ற எட்டு ராடுகளையும் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டறைக்காரர் புரொப்பல்லர் முனையைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் எழுந்தால் எல்லோரும் எழுவதுபோல, ஒன்பது பிஸ்டன்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின.

சிலிண்டர் எண்ணிக்கை ஏன் ஒற்றைப்படையாகவே இருக்கிறது?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒருமுறை வெடிக்கும். ஒன்பது சிலிண்டர் இருந்தால் 720 பாகையை ஒன்பதால் வகுக்க, 80 பாகைக்கு ஒரு வெடிப்பு. சிலிண்டர்களோ 40 பாகைக்கு ஒன்று நிற்கின்றன. ஆகவே ஒன்று விட்டு ஒன்று வெடிக்க வேண்டும்: 1, 3, 5, 7, 9, அப்புறம் 2, 4, 6, 8, மீண்டும் 1. இரண்டு சுற்றில் எல்லோருக்கும் முறை வந்துவிடுகிறது.

எட்டு சிலிண்டர் வைத்து இதையே செய்து பாருங்கள். 1, 3, 5, 7, அடுத்தது திரும்பவும் 1! இரட்டை எண்காரர்களுக்குப் பந்தியில் இலையே விழாது. பதினான்கு சிலிண்டர் ரேடியல் உண்டே என்றால், அது ஏழும் ஏழுமாக இரண்டு வரிசை. வரிசைக்கு வரிசை ஒற்றைப்படைதான்.

முதல் ரேடியலைச் செய்தது யார்?

பெயர் சொல்லும்படியான முதல் ரேடியல் அமெரிக்கர் சார்லஸ் மான்லியுடையது. சாமுவேல் லாங்லி என்ற விஞ்ஞானி கட்டிய விமானத்துக்காக ஸ்டீஃபன் பால்ஸர் ஓர் எஞ்சின் செய்து கொடுத்தார். சிலிண்டர்களே சுழலும் வகை அது, சக்தி போதவில்லை. மான்லி அதைப் பிரித்து, சிலிண்டர்களை அசையாமல் நிறுத்தி, தண்ணீர் உறை போட்டு, 5 சிலிண்டரில் சுமார் 52 குதிரைத்திறன் எடுத்தார். ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்தும் எடை 100 கிலோவுக்குள். அந்தக் காலத்துக்கு இது அசுர சாதனை. ரைட் சகோதரர்கள் முதலில் பறந்தபோது அவர்களிடம் இருந்தது ஏறக்குறைய 12 குதிரைத்திறன்தான்.

ஆனால் லாங்லியின் விமானம் 1903 டிசம்பர் 8 அன்று மான்லியையும் சுமந்துகொண்டு பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். உலகத்தின் மிகச் சிறந்த விமான எஞ்சின், பறக்கத் தெரியாத விமானத்தில் மாட்டிக்கொண்ட கதை இது. மான்லி உயிர் தப்பினார்.

கவனிக்க வேண்டிய ஒன்று: அது தண்ணீரில் குளிர்ந்த ரேடியல். காற்றை மட்டும் நம்ப மான்லிக்கே துணிவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் டென்மார்க்கில் யாக்கோப் எல்லஹாமர் காற்றில் குளிரும் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தார்.

ஆங்கிலக் கால்வாயை முதலில் கடந்த விமானத்தில் இருந்தது ரேடியலா?

முழு ரேடியல் இல்லை, பாதி என்று சொல்லலாம். 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சு விமானி லூயி பிளேரியோ கடந்தபோது இருந்தது அன்ஸானி என்ற எஞ்சின் தயாரிப்பாளரின் சுமார் 25 குதிரைத்திறன் எஞ்சின். மூன்று சிலிண்டர்களும் விசிறிபோல மேல்பக்கம் மட்டும் விரிந்திருக்கும். நிறைய நேரம் ஓடினால் சூடேறிச் சுணங்கிவிடும் ரகம். வழியில் பெய்த மழைதான் எஞ்சினைக் குளிரவைத்துக் கரை சேர்த்தது என்று ஒரு கதை உண்டு. பின்னால் அன்ஸானி சுற்றிலும் சிலிண்டர் வைத்த முழு ரேடியல்களையும் செய்தார்.

ரோட்டரியும் ரேடியலும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்று, நடத்தையில் தலைகீழ். ரேடியலில் சிலிண்டர்கள் நிற்கும், கிராங்க்ஷாஃப்ட் சுற்றும். ரோட்டரியில் கிராங்க்ஷாஃப்டை விமான உடம்போடு அசையாமல் பூட்டிவிடுவார்கள். சிலிண்டர்களும் கூடும் புரொப்பல்லரோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். ஆமாம், எஞ்சினே சுற்றும். கேட்கவே பைத்தியக்காரத்தனமாக இருக்கும்.

ஆனால் காரணம் இருந்தது, அதுவும் சூடுதான். தரையில் நிற்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று ஏது? அப்போதைய விமானங்களோ பறந்தாலும் மெதுவாகத்தான் பறந்தன. சிலிண்டரே சுற்றினால் காற்றை அது தானே தேடிக்கொள்ளும். தவிர, சுற்றும் எஞ்சினே பாரச்சக்கரமாகவும் ஆகிவிடுவதால் தனியாக ஒன்று வேண்டாம். பிரான்சின் செகுவான் சகோதரர்கள் செய்த 7 சிலிண்டர் க்னோம் 50 குதிரைத்திறன் தந்தது, எடை சுமார் 75 கிலோ. 1909 ஆகஸ்டில் ரீம்ஸ் நகரில் நடந்த பறப்புப் போட்டியில் ஆன்ரி ஃபார்மன் என்ற விமானி அதை மாட்டிக்கொண்டு தூரப் பரிசை வென்றதும் ஐரோப்பா முழுவதும் க்னோம் மோகம் பிடித்தது. லெ ரோன், கிளெர்ஜே, பென்ட்லி என்று முதல் உலகப் போரின் பாதி வானம் ரோட்டரியால்தான் ஓடியது.

விமானிகள் விளக்கெண்ணெய் குடித்தார்கள் என்கிறார்களே?

குடிக்கவில்லை, சுவாசித்தார்கள். பலன் ஒன்றுதான்.

ரோட்டரியில் பெட்ரோல் கலவை, துளையுள்ள கிராங்க்ஷாஃப்ட் வழியாகக் கூட்டுக்குள் வந்து அப்புறம்தான் சிலிண்டருக்குப் போகும். சாதாரண எஞ்சின் ஆயிலைப் பெட்ரோல் கரைத்துக் கழுவிவிடும். ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது, சூட்டிலும் வழவழப்பை விடாது. அதனால் நம் பாட்டிமார் குழந்தைகளைப் பிடித்துவைத்துப் புகட்டிய அதே விளக்கெண்ணெய் விமானத்துக்குப் போனது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. வெந்தும் வேகாமலும் வெளியே தெறிக்கும். திறந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அதன் தூவானம் மணிக்கணக்கில் அடிக்கும். கண்ணாடியைத் துடைக்கக் கழுத்தில் துணி. வயிற்றுக்கு என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வளவு நன்றாக ஓடிய ரோட்டரி ஏன் காணாமல் போனது?

சக்தி கூட வேண்டுமானால் பெரிதாகச் செய்ய வேண்டும் அல்லது வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டிலும் இடித்தது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு நிமிடத்துக்கு 1,200 தடவைக்கு மேல் சுற்றும்போது, காற்றைக் கிழிப்பதிலேயே கணிசமான சக்தி வீணாகும். பெரிய பம்பரத்தை மூக்கில் கட்டியதுபோல் விமானமும் திமிறும். சாப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் வலப்பக்கம் திரும்பினால் மூக்கு கீழே இழுக்கும், இடப்பக்கம் திரும்பினால் மேலே தூக்கும். தெரிந்தவருக்கு அது ஆயுதம். பயிற்சிக்கு வந்த பையன்கள் பலருக்கு அதுவே எமன்.

ஜெர்மானியர்கள் சீமென்ஸ்-ஹால்ஸ்கே எஞ்சினில் கிராங்க்கை ஒரு பக்கமும் சிலிண்டர்களை எதிர்ப்பக்கமும் சுற்றவிட்டுச் சமாளிக்கப் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் போர் முடியும்போது ரோட்டரியின் காலமும் முடிந்துவிட்டது.

அசையாத ரேடியலைப் போர்க்காலத்தில் யாருமே செய்யவில்லையா?

பிரான்சில் சால்ம்ஸன் செய்தது, தண்ணீரில் குளிர்வித்து. 1918-ல் அந்த நிறுவனத்தின் வேவு விமானங்களில் நன்றாகவே ஓடியது. காற்றிலேயே குளிரும் பெரிய ரேடியலுக்குத் துணிந்தது பிரிட்டன். அங்கேதான் பெரிய கூத்து நடந்தது.

என்ன கூத்து?

ஏ.பி.சி. என்ற நிறுவனத்தின் டிராகன்ஃப்ளை. கிரான்வில் பிராட்ஷா வடிவமைத்த 9 சிலிண்டர் எஞ்சின். செய்வதற்கு எளிது, 340 குதிரைத்திறன் வரும், எடை குறைவு என்று ஆசை காட்டினார்கள். போர் 1919 வரை நீளும் என்று கணக்குப் போட்டிருந்த அரசு, ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே 11,000-க்கும் மேல் ஆர்டர் கொடுத்துவிட்டது. மற்ற நல்ல எஞ்சின்களுக்கான ஆர்டரைக் குறைத்துக்கொண்டு இதைக் கொடுத்தது.

வந்து சேர்ந்த எஞ்சின் சொன்ன எடையைத் தாண்டியது, சொன்ன சக்தியைத் தொடவில்லை. சூடு பறக்கட்டும் என்று ஃபின்களுக்குச் செம்பு பூசியிருந்தார்கள். பலனில்லை, சிலிண்டர்கள் தகித்தன. புரொப்பல்லரின் மரக்குடமே கருகியதாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று. எந்தத் தண்டுக்கும் அதிர்ந்து முறுக்கும் சொந்த வேகம் என்று ஒன்று உண்டு. டிராகன்ஃப்ளையை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டுமோ, கிராங்க்ஷாஃப்டின் அதிர்வு வேகமும் சரியாக அதுவே! சில மணி நேரத்தில் கிராங்க் முறிந்தது. அப்போது அந்தக் கணக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆகவே பிராட்ஷாவை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களை வேண்டுமானால் சொல்லலாம். ஆயிரத்துச் சொச்சம் எஞ்சின் வந்த நிலையில் 1918 நவம்பரில் போர் நின்றது. போர் நீண்டிருந்தால் பிரிட்டன் விமானப்படையின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் குலை நடுங்கும்.

அப்படியானால் சூட்டை அடக்கியது யார்?

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் பொறியாளர் சாம் ஹெரன். பெயர் அதிகம் அடிபடாது. போரின்போது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் பேராசிரியர் கிப்ஸனும் அவரும் ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு, சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பொறுமையாக அளந்தார்கள்.

விடை இதுதான்: சிலிண்டரின் உடம்பு அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை, தலையும், எரிந்த புகையை வெளியே விடும் வால்வும்தான் வில்லன்கள். தலையை இரும்பில் செய்தால் சூடு அங்கேயே தங்கும். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும். அடுக்களையில் அலுமினியச் சட்டியும் இரும்புச் சட்டியும் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த செய்தி. ஆனால் அலுமினியத்தை எப்படிச் சேர்ப்பது? மேல்பக்கம் மூடிய எஃகுச் சிலிண்டர் மேல் அலுமினியத் தொப்பியைப் போல்ட் போட்டு வைப்பதுதான் அப்போது வழக்கம். வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதுபோல் இருக்கிறது என்று ஆங்கிலேயர்களே அதைப் 'பற்றுத் தலை' என்று கேலி செய்தார்கள். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், சூடு அங்கேயே நின்றுவிடும்.

இவர்கள் மேல்பக்கம் திறந்த எஃகுக் குழாயில் மரை வெட்டி, அலுமினியத் தலையைச் சூடாக்கி விரியவைத்து, திருகி இறக்கினார்கள். ஆறியதும் தலை சுருங்கி, பிரிக்க முடியாதபடி கவ்விக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர் செய்வதும் இதேதான்.

ஹெரன் 1921-ல் அமெரிக்கா போனார். அங்கே வால்வுப் பக்கம் திரும்பினார். வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே பாதிக்கு மேல் முதலில் உப்பையும், பிற்பாடு அதற்குப் பதில் சோடியம் உலோகத்தையும் அடைத்தார். சோடியம் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வால்வு குதிக்கக் குதிக்க உள்ளே அது குலுங்கி, தலைப்பக்கத்துச் சூட்டை வாரித் தண்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டும். இதற்குப் பிறகுதான் காற்றில் குளிரும் எஞ்சினை மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓட்டும் தைரியம் வந்தது.

பிரிஸ்டல் ஜூப்பிட்டர் ஏன் அவ்வளவு பிரபலம்?

ராய் ஃபெடன் வடிவமைத்த 9 சிலிண்டர், 28.7 லிட்டர் எஞ்சின். அதைச் செய்த காஸ்மோஸ் நிறுவனம் திவாலானதும் 1920-ல் பிரிஸ்டல் விமான நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆரம்பகால ஜூப்பிட்டர்களில் இருந்ததும் 'பற்றுத் தலை'தான்! பிறகு படிப்படியாக மாற்றினார்கள். பிரான்சின் க்னோம்-ரோன், ஜப்பானின் நகாஜிமா, ரஷ்யர்கள் என்று நாலாபக்கமும் உரிமம் வாங்கிச் செய்தார்கள். ரோட்டரிக்குப் பேர்போன க்னோமும் லெ ரோனும் ஒன்றாகிக் கடைசியில் ரேடியலுக்கு உரிமம் வாங்கியது, வரலாற்றின் குறும்பு.

லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் ரேடியலில்தானா?

ஆமாம், ரைட் ஜே-5 வேர்ல்விண்ட். 9 சிலிண்டர், சுமார் 220 குதிரைத்திறன். அதன் தொடக்கம் சார்லஸ் லாரன்ஸ் என்பவரின் சிறு நிறுவனம். கப்பலில் இறங்கும் விமானங்களுக்குத் தண்ணீர் எஞ்சின் சரிப்படாது என்று முடிவு செய்த அமெரிக்கக் கடற்படைக்கு லாரன்ஸின் எஞ்சின் பிடித்தது. பெரிய அளவில் செய்ய அவரிடம் வசதி இல்லை. ரைட் நிறுவனத்திடம் "இனி உங்கள் தண்ணீர் எஞ்சினை வாங்க மாட்டோம்" என்று கடற்படை சொன்னதும், 1923-ல் ரைட் நிறுவனம் லாரன்ஸையே விலைக்கு வாங்கியது. ஹெரன் பாணிச் சிலிண்டர் ஏறியதும் அது ஜே-5 ஆனது. 1927 மே 20 காலை நியூயார்க்கில் கிளம்பி, முப்பத்து மூன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடி, லிண்ட்பெர்க்கைப் பாரிஸில் இறக்கியது. புகழ் விமானிக்குப் போனது சரிதான். ஆனால் அத்தனை மணி நேரமும் ஒரு வால்வும் கருகாமல் இருந்ததே, அதைத்தான் நான் அதிசயம் என்பேன்.

ரைட்டிலிருந்து பிரிந்துபோன ஃபிரெடெரிக் ரென்ட்ஷ்லர் 1925-ல் பிராட் அண்ட் விட்னியின் விமான எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் எஞ்சின் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தயாரானது. 400 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்த அதற்குக் குளவி என்று பொருள்படும் வாஸ்ப் என்று பெயர் சூட்டியது ரென்ட்ஷ்லரின் மனைவி.

அகன்ற முகம் காற்றைத் தடுக்காதா?

தடுக்கும், பயங்கரமாக. ரேடியலின் பெரிய பலவீனமே அதுதான். மூடினால் சூடேறும், திறந்தால் காற்று பிடித்து இழுக்கும். 1928-ல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ஃபிரெட் வைக் குழுவினர் ஒரு மூடியை வடிவமைத்தார்கள். முன்னால் காற்று நுழைய வாய், உள்ளே வழிகாட்டும் தகடுகள், பின்னால் ஒடுங்கிய இடுக்கு வழியாகச் சூடான காற்று வெளியேறும். அதை ஒரு கர்டிஸ் ஹாக் விமானத்தில் மாட்டியதும், மணிக்கு 118 மைல் வேகம் 137 ஆனது. எஞ்சினில் கை வைக்காமல் தகரத்தை மட்டும் வளைத்துக் கிடைத்தது! மூடினாலும் குளிரும் என்பது அதைவிடப் பெரிய செய்தி: காற்று நிறைய வேண்டியதில்லை, சரியான இடத்தில் உரசிப் போனால் போதும். பிரிட்டனில் டவுனெண்ட் என்பவர் செய்த வளையமும் ஏறக்குறைய அதே காலம்தான்.

இந்தியாவில் எப்போது வந்தது?

1932-ல் டாடாவின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வந்து, பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்ததே, அதில் ரேடியல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்தப் புஸ் மாத் விமானத்தில் இருந்தது தலைகீழாகத் தொங்கும் நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சின்.

1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கிய இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்த 4 வாப்பிட்டி விமானங்களில் இருந்தது ஜூப்பிட்டர். பின்னால் நம் விமானிகள் பயின்ற ஹார்வர்டு என்ற பயிற்சி விமானத்தில் வாஸ்ப். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைகளை இறக்கிய டகோட்டாக்களில் இரட்டை வரிசை வாஸ்ப், பதினான்கு சிலிண்டர்.

கிளப்பும் முன் புரொப்பல்லரைக் கையால் சுற்றுகிறார்களே, எதற்கு?

நின்றிருக்கும்போது எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் அதன்மேல் மோதி, ராடு வளைந்துவிடும். அதனால் பிளேடுகளை எண்ணிக்கொண்டே கையால் சுற்றுவார்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் பலம் காட்டக் கூடாது, பின்பக்கம் திருப்பவும் கூடாது. கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட வேண்டும். ரேடியலின் கீழே தரையில் எண்ணெய்க் கறை இருப்பது இயல்பு. கறை இல்லையென்றால்தான் மெக்கானிக்குகள் கவலைப்படுவார்கள், உள்ளே எண்ணெயே இல்லையோ என்று.

இன்னும் எங்காவது பறக்கிறதா?

பறக்கிறது. ரஷ்யர்கள் வடிவமைத்த ஆன்-2 என்ற இரட்டை இறக்கை விமானத்தில் 1,000 குதிரைத்திறன் ரேடியல் ஒன்று உண்டு. ரஷ்யர்கள் 1930-களில் உரிமம் வாங்கிய அமெரிக்க ரைட் சைக்ளோனின் வழித்தோன்றல் அது. அந்தச் சைக்ளோன், லிண்ட்பெர்க்கின் வேர்ல்விண்டைச் செய்த அதே நிறுவனத்து எஞ்சின். ஒன்பது சிலிண்டர், ஒரு வரிசை, வெடிக்கும் முறையும் அதே 1, 3, 5, 7, 9, 2, 4, 6, 8.